பூமியும் மற்ற கோள்களும்: எந்தப் படம், எந்தத் தொடர், எந்த வரிசையில் பார்க்கலாம்?

தூரவானம் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. கோள்களை வைத்து வந்த படங்கள், தொடர்கள் பற்றி உங்களிடம் யோசனை கேட்கலாம் என்று வந்தேன். அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள், கொஞ்ச காலமாக அவளுக்கு இதே நினைப்பு, கூடவே உட்கார்ந்து பார்த்ததில் எனக்கும் தொற்றிக்கொண்டது. 'இன்டர்ஸ்டெல்லர்', 'தி மார்ஷியன்', 'கிராவிட்டி' மூன்றும் பார்த்தாகிவிட்டது, பிபிசியின் 'பிளானட் எர்த்' பாதியில் நிற்கிறது. இனி எங்கே போவது என்று தெரியவில்லை. தேடினால் வருகிற பட்டியல்களில் பாதிக்கு மேல் விண்கலச் சண்டை. சண்டை இருக்கட்டும், ஆனால் அவளுக்கு வேண்டியது அந்தக் கோள். அங்கே காற்று எப்படி, தரை எப்படி, ஒரு மனுஷர் போய் நின்றால் உடம்புக்கு என்ன ஆகும், இதுதான் அவள் கேட்பதெல்லாம்.

அவள் கேட்டு என்னால் பதில் சொல்ல முடியாமல் போன இரண்டு கேள்விகளையும் இங்கேயே வைக்கிறேன். செவ்வாயில் நிஜமாகவே 'தி மார்ஷியன்' படத்தில் வருகிற மாதிரி புயல் அடிக்குமா? அப்புறம், வேற்றுக் கோள் என்றாலே ஏன் எல்லாப் படத்திலும் பாலைவனமாகவே இருக்கிறது?

பெயர்களை மட்டும் அடுக்காமல், எதற்காகப் பார்க்கணும் என்பதையும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

செம்மண்காடு:

முதலில் புயல். அடிக்கும், ஆனால் அப்படி அடிக்காது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் 1 சதவீதம்கூட இல்லை. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலும் உங்கள் மேல் படும்போது இங்கே மரக்கிளை லேசாக ஆடுகிற காற்று மாதிரிதான் தெரியும். ராக்கெட்டைச் சாய்க்கிற சங்கதியெல்லாம் நடக்காது. நாவலை எழுதிய ஆண்டி வெயருக்கே இது தெரியும், கதாநாயகனைத் தனியாக விட்டுவிட்டுப் போக ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே வைத்ததாக வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதனால் அந்தப் படத்தின் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. உருளைக்கிழங்கு விளைவிப்பது, பழைய பாத்ஃபைண்டர் கலத்தைத் தோண்டி எடுத்துப் பூமியோடு பேசுவது எல்லாம் நன்றாக யோசித்து எழுதியவை. பாத்ஃபைண்டர் 1997இல் நிஜமாகவே அங்கே இறங்கிய கலம்தான் என்பதை அவளிடம் சொல்லுங்கள்.

ஆனால் செவ்வாய்ப் புயல் என்ன செய்யும் என்பதை ஒழுங்காகக் காட்டுகிற படம் வேறு இருக்கிறது. 'குட் நைட் ஆப்பி', 2022இல் வந்த ஆவணப்படம். ஆப்பர்சூனிட்டி என்ற ஊர்தியின் கதை. 90 செவ்வாய் நாள் வேலை செய்தால் போதும் என்று கணக்குப் போட்டு அனுப்பினார்கள், 2004 ஜனவரியில் இறங்கியது, 14 வருஷத்துக்கு மேல் ஓடியது, 45 கிலோமீட்டர் தூரம் நகர்ந்தது. சூரியத் தகடுகளில் தூசி படிந்து மின்சாரம் குறைந்துகொண்டே வரும், இதோடு முடிந்தது என்று நினைக்கும்போது செவ்வாய்க் காற்றே வந்து துடைத்துவிட்டுப் போகும். அதே காற்றுதான் 2018இல் கோள் முழுக்கத் தூசியைக் கிளப்பி வெயிலை மறைத்தது. ஊர்தியைக் காற்று தள்ளவில்லை, கவிழ்க்கவில்லை. வெளிச்சம் இல்லாமல் மின்சாரம் போய், ஜூன் 10ஆம் தேதியோடு பேச்சு நின்றது. நாசா அதற்கப்புறமும் 2019 பிப்ரவரி வரைக்கும் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது. 'தி மார்ஷியன்' பார்த்த கையோடு இதைப் போட்டுக் காட்டுங்கள், அவளுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

இரண்டாவது கேள்வி, பாலைவனம். காரணம் ரொம்ப எளிது, படக்குழு போகக்கூடிய ஒரே கோள் பூமிதான். மரம் இல்லாமல், வீடு இல்லாமல், சிவந்த பாறையோடு அடிவானம் வரைக்கும் கிடக்கிற இடம் வேண்டும் என்றால் ஜோர்டானில் உள்ள வாடி ரம் பள்ளத்தாக்கு. 'தி மார்ஷியன்', 2000இல் வந்த 'ரெட் பிளானட்', 2021இன் 'டூன்' எல்லாம் அங்கே எடுத்தவைதான். பனிக் கோள் வேண்டும் என்றால் ஐஸ்லாந்து. 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தின் தண்ணீர்க் கோள், பனிக் கோள் இரண்டுக்கும் அங்கேதான் போனார்கள். ஆனால் செவ்வாயைப் பொறுத்தவரை பாலைவனம் என்பது பொய்யில்லை, அது பாலைவனம்தான். பொய் எங்கே இருக்கிறது என்றால் நிறத்தில். படங்களில் எப்போதும் எல்லாமே ஆரஞ்சு. உண்மையில் அங்கே சூரியன் மறையும்போது சூரியனைச் சுற்றி வானம் நீலமாகத் தெரியும், காற்றில் மிதக்கிற நுண்ணிய தூசி செய்கிற வேலை. கியூரியாசிட்டி ஊர்தி 2015இல் எடுத்த படம் நாசா தளத்தில் இருக்கிறது, கண்டிப்பாகக் காட்டுங்கள்.

இன்னொன்று, ஈர்ப்பு. செவ்வாயில் நம் எடை பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான். எல்லாச் செவ்வாய்ப் படத்திலும் ஆட்கள் இங்கே நடக்கிற மாதிரியே நடக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு மறுபடி படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அவளே பிடித்துவிடுவாள்.

---

பழையரீல்:

செம்மண்காடு ஒரு படத்தோடு ஒரு ஊர்தியைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார் பாருங்கள், நான் அதையே முழு வரிசையாகச் செய்யச் சொல்வேன். ஒரு படம், அதன் பக்கத்தில் அதே கோளுக்குப் போன ஒரு விண்கலம். படம் வந்த வருஷத்தை முதலில் பாருங்கள், கலம் போன வருஷத்தை அப்புறம் பாருங்கள். மனுஷர்கள் என்ன கற்பனை செய்துவைத்திருந்தார்கள், அங்கே என்ன இருந்தது என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

வெள்ளியில் தொடங்குங்கள். 1962இல் சோவியத் ஒன்றியத்தில் 'பிளானெட்டா பூர்' என்று ஒரு படம் வந்தது, பாவெல் குளுஷான்ட்சேவ் இயக்கியது. அதில் வெள்ளியில் சதுப்பு நிலம் இருக்கும், கடல் இருக்கும், டைனோசர் மாதிரி விலங்குகள் வரும். அந்தக் காலத்தில் அது முட்டாள்தனமான கற்பனை இல்லை, கோள் முழுக்க மேகம் மூடியிருக்கிறது, மேகம் என்றால் மழை, மழை என்றால் சேறு என்று நிறையப் பேர் நினைத்தார்கள். படம் ஏப்ரலில் வந்தது. அதே வருஷம் டிசம்பரில் மரைனர் 2 வெள்ளியைக் கடந்து போய், அங்கே தாங்க முடியாத சூடு என்று தகவல் அனுப்பிவிட்டது. இப்போது நமக்குத் தெரிந்த கணக்கு சுமார் 465 டிகிரி செல்சியஸ், அழுத்தம் பூமியில் இருப்பதைப் போல 90 மடங்குக்கு மேல். 1982இல் வெனெரா 13 அங்கே இறங்கி 127 நிமிஷம் தாக்குப்பிடித்தது, வண்ணப் படமும் அனுப்பியது. தட்டைத் தட்டையான பாறைகள், கலத்தின் ஓரத்தில் வரிசையாகப் பற்கள், மேலே மூலையில் கொஞ்சம் வானம். டைனோசர் வருகிற அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இந்த ஒரு புகைப்படத்தைப் பெரிதாக வைத்துக் காட்டினால் போதும், வேறு விளக்கமே வேண்டாம்.

செவ்வாய்க்கும் அதே கதை உண்டு. 1964இல் 'ராபின்சன் குரூசோ ஆன் மார்ஸ்'. தனியாக மாட்டிக்கொண்ட விண்வெளி வீரன், 'தி மார்ஷியன்' கதைக்குத் தாத்தா என்று சொல்லலாம். அதில் செவ்வாய்க் காற்றைக் கொஞ்ச நேரம் சுவாசிக்க முடியும். அடுத்த வருஷம் ஜூலையில் மரைனர் 4 போய் முதல் நெருக்கப் படங்களை எடுத்தது, நிலாவில் இருப்பது மாதிரி பள்ளங்கள், காற்று என்று சொல்லவே பெரிதாக ஒன்றுமில்லை.

'2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' 1968 ஏப்ரல். அதில் வருகிற பூமியைக் கவனியுங்கள், வெளிறி, நீலம் குறைவாக இருக்கும். அப்பல்லோ 8 நிலாவைச் சுற்றியபோது எடுத்த பூமி உதயம் படம் அதே வருஷம் டிசம்பர் 24. எவ்வளவு அடர்த்தியான நீலம் என்று அதற்கப்புறம்தான் எல்லோர் கண்ணிலும் பதிந்தது. அந்தப் படத்தின் தொடர்ச்சியாக 1984இல் வந்த '2010' படத்தில் வியாழன் எவ்வளவு நன்றாக இருக்கும் தெரியுமா? நடுவில் 1979இல் வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் வியாழனைக் கடந்து போயிருந்தன, அவை எடுத்த படங்களை வைத்தே வியாழனைச் செய்தார்கள்.

நம் பக்கத்தில் 'கலை அரசி' இருக்கிறது, 1963, எம்.ஜி.ஆர். படம். வேற்றுக் கோளில் இசை இல்லையென்று பூமியிலிருந்து பாடகியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். காற்று, ஈர்ப்பு எல்லாம் அதில் தேட வேண்டாம், ஆனால் கோளுக்குக் கோள் இல்லாதது என்ன என்று கேட்ட விதத்தில் எனக்கு அந்தப் படம் ரொம்பவே பிடிக்கும்.

---

வளையச்சனி:

பழையரீல் அண்ணே, உங்கள் வரிசை அருமை, ஆனால் எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு முதலிலேயே 1962 படத்தைப் போட்டால் பாதியில் எழுந்து போய்விடும். இன்னொன்றும் சொல்லணும். ஒவ்வொரு காட்சியிலும் நிறுத்தி இது சரியா தப்பா என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் படம் பார்க்கிற சுகமே போய்விடும். 'கிராவிட்டி' படத்தில் ஹபிள் தொலைநோக்கியிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குத் தாவிப் போக முடியாது, இரண்டும் வேறு உயரம், வேறு சாய்வில் சுற்றுகின்றன. தெரிந்துகொள்ளட்டும், ஆனால் முதல் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாளே, அதுதான் முக்கியம். கணக்கு இரண்டாவது தடவைக்கு.

'இன்டர்ஸ்டெல்லர்' பார்த்தாயிற்று என்றீர்கள். தண்ணீர்க் கோளில் 1 மணி நேரம் வெளியே 7 வருஷம் என்பது சும்மா போட்டது இல்லை. இயற்பியலாளர் கிப் தோர்ன் கூடவே இருந்து, பக்கத்தில் உள்ள கருந்துளை ஏறக்குறைய உச்ச வேகத்தில் சுழன்றால் அப்படி நடக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. படத்தில் கருந்துளையைச் சுற்றி ஒளி வளைந்து நிற்கிற உருவமும் அவருடைய சமன்பாடுகளை வைத்துச் செய்ததுதான். ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். நிஜத்தில் நம்மை நோக்கிச் சுழன்று வருகிற பக்கம் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் தெரியணும், பார்வையாளர்கள் குழம்புவார்கள் என்று அதை விட்டுவிட்டார்கள். 2019 ஏப்ரலில் எம்87 கருந்துளையின் படம் வந்ததே, அதில் ஒரு பக்கம்தான் பிரகாசம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

ஆனால் அந்தப் படத்தில் கோள் நெஞ்சில் இறங்குகிற இடம் அலை வருகிற காட்சி இல்லை. திரும்பிக் கப்பலுக்கு வருகிறார்கள், அங்கே காத்திருந்தவருக்கு 23 வருஷம் போயிருக்கிறது, தாடி நரைத்துவிட்டது. அப்புறம் கதாநாயகன் கூப்பர் உட்கார்ந்து பிள்ளைகள் அனுப்பிய காணொளிகளை வரிசையாகப் பார்க்கிறார். கருந்துளைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கோள் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று அந்த ஒரு அறையில் வைத்துக் காட்டிவிட்டார்கள். நல்ல கோள் படம் என்றால் எனக்கு இதுதான். கோள் சும்மா பின்னால் ஓவியமாகத் தொங்கக் கூடாது, ஆட்களின் உடம்பிலும் காலத்திலும் கை வைக்கணும்.

அதற்கு இன்று இருப்பதில் சிறந்தது 'தி எக்ஸ்பான்ஸ்' தொடர், 2015இலிருந்து 2022 வரை, 6 சீசன். சிறுகோள்களில் பிறந்து வளர்ந்தவர்களின் எலும்பு பூமியின் ஈர்ப்பைத் தாங்காது. ஒருவனைப் பூமிக்குக் கொண்டுவந்து சும்மா நிறுத்திவைப்பதே சித்திரவதையாக இருக்கிறது. சீரீஸ் என்ற குறுங்கோளில் உள்ள நிலையத்தில் கோப்பையில் ஊற்றினால் திரவம் நேராக விழாமல் வளைந்து விழும், அந்த நிலையம் சுழல்வதால். யாரும் அதை விளக்க மாட்டார்கள், ஊற்றுகிறவனும் திரும்பிப் பார்க்க மாட்டான், அவனுக்கு அதுதான் பழக்கம். செவ்வாயில் பிறந்த ராணுவ வீராங்கனை பாபி பூமிக்கு வரும்போது கடலைப் பார்த்தே ஆகணும் என்று காவலை மீறிக் கிளம்பிப் போவாள், அந்தக் காட்சிக்காகவே இரண்டாவது சீசன் பார்க்கலாம். ஆனால் வன்முறை நிறைய, பேச்சும் கரடுமுரடு. அவளுக்கு இன்னும் சில வருஷம் போகட்டும், நீங்கள் இப்போது பாருங்கள்.

அவளுக்கு இப்போது 'காஸ்மோஸ்'. வானியலாளர் கார்ல் சேகனின் 1980 தொடர், 13 பகுதி. புதுசாக 2014இல் வந்ததும் நன்றாக இருக்கிறது, ஆனால் முதலில் பழசைப் பார்ப்பது நல்லது. அது ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த அதே நவம்பரில் வாயேஜர் 1 சனியைக் கடந்தது. சேகன் பேசுவதில் ஒரு அவசரம் தெரியும், அடுத்த வாரம் என்ன படம் வருமோ என்று காத்திருக்கிற ஆளின் குரல் அது. அது முடிந்ததும் 'தி ஃபார்தெஸ்ட்', 2017, வாயேஜர் பற்றிய ஆவணப்படம், அந்தக் கலங்களைச் செய்தவர்களே வந்து பேசுகிறார்கள். யுரேனஸையும் நெப்டியூனையும் இதுவரைக்கும் கிட்டே போய்ப் பார்த்தது வாயேஜர் 2 ஒன்றுதான், அதுவும் வெறும் கடந்து போகிற வேகத்தில்.

---

தூரவானம்:

இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வெனெரா 13 படத்தைக் காட்டினேன், அந்தப் பற்கள் எதற்கு என்று தேடிக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒன்று. 'பிளானட் எர்த்' ஏன் பாதியில் நின்றது என்றால் துரத்துகிறது, பிடிக்கிறது, தின்கிறது என்றே போகிறது என்கிறாள். மிருகம் இல்லாமல் பூமியையே ஒரு கோளாக வைத்துக் காட்டுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

---

நீலப்புள்ளி:

இருக்கிறது, அதுவும் நிறைய. ஆனால் முதலில் 'பிளானட் எர்த்' பற்றி ஒரு வார்த்தை, அதை விட்டுவிடாதீர்கள். மலைகள், குகைகள், ஆழ்கடல் பகுதிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள், அவற்றில் துரத்தலை விட இடம்தான் பெரிது. ஹெலிகாப்டரின் அடியில் ஆடாத கேமராவை மாட்டி ரொம்பத் தூரத்திலிருந்து எடுத்ததால் நிலத்தின் அமைப்பு அப்படியே தெரியும்.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் 'ஒன் ஸ்ட்ரேஞ்ச் ராக்', நேஷனல் ஜியாகிரஃபிக், 2018, 10 பகுதி. எட்டு விண்வெளி வீரர்கள் சொல்கிற பூமி அது. முதல் பகுதி முழுக்க ஒரே கேள்வி, நாம் இழுக்கிற மூச்சு எங்கிருந்து வருகிறது? அமேசான் காடு என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் சொல்வேன். ஆனால் அந்தக் காடு உண்டாக்குகிற ஆக்சிஜனை ஏறக்குறைய முழுவதும் அந்தக் காடே செலவழித்துவிடுகிறது. அங்கிருந்து கதை கடலில் மிதக்கிற, கண்ணுக்குத் தெரியாத டயட்டம் என்ற நுண்பாசிகளுக்குப் போகிறது. இதையொட்டி இன்னொரு விஷயமும் அவளிடம் சொல்லுங்கள். சகாராவில் ஒரு காலத்தில் ஏரியாக இருந்து வற்றிப்போன இடத்தின் தூசி அட்லான்டிக்கைத் தாண்டிப் பறந்து போய் அமேசான் மண்ணுக்குப் பாஸ்பரஸ் கொடுக்கிறது. அந்தத் தூசியிலேயே பழைய டயட்டம்களின் ஓடுகள் கலந்திருக்கின்றன. காற்று, கடல், பாலைவனம், காடு எல்லாம் ஒரே உடம்பு என்று இதற்குமேல் எப்படிச் சொல்வது! கடைசிப் பகுதியில் அதுவரை மொத்தமாக 665 நாள் விண்வெளியில் இருந்த பெக்கி விட்சன் தரைக்குத் திரும்புகிறார். அதை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள், முழுத் தொடரும் முடித்துவிட்டுப் பாருங்கள். தொகுத்து வழங்குகிற நடிகர் வில் ஸ்மித் பேசுகிற இடங்களில் இசையும் வெட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது 'ஃபயர் ஆஃப் லவ்', 2022. காத்தியா, மோரிஸ் கிராஃப்ட் என்ற எரிமலை ஆய்வாளர் தம்பதி தாங்களே எடுத்துவைத்துப் போன படச்சுருள்களிலிருந்து செய்த படம். எரிகிற பாறைக்குழம்புக்குப் பக்கத்தில் வெள்ளி நிற உடுப்போடு காத்தியா நிற்பார், பின்னால் ஆரஞ்சு நிறத்தில் மலையே கொதிக்கும். அமில ஏரியில் மோரிஸ் ரப்பர் படகில் போவார். வேற்றுக் கோள் படத்தில் எந்த வரைகலையும் இந்த அளவுக்கு அந்நியமாக ஒரு இடத்தைக் காட்டியதில்லை, இத்தனைக்கும் இது பூமி. இரண்டு பேரும் 1991 ஜூன் 3இல் ஜப்பானின் உன்சென் எரிமலையில் இறந்துபோனார்கள் என்பதை முன்பே சொல்லிவிட்டுக் காட்டுங்கள், படமும் அதை ஒளிக்கவில்லை. 1985இல் கொலம்பியாவில் எரிமலைச் சேறு வந்து 20 ஆயிரத்துக்கும் மேல் மக்கள் செத்ததைப் பார்த்த பிறகு, எச்சரிக்கை என்றால் என்ன என்று மக்களுக்குப் புரிகிற மாதிரி காணொளி எடுப்பதில் இறங்கினார்கள். பிலிப்பைன்ஸில் பினட்டூபோ வெடிப்பதற்கு முன் ஆட்களை வெளியேற்ற அது உதவியது. எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பெரிய விஷயம் இதுதான்.

அப்புறம் 'அப்பல்லோ 11', 2019. பின்னணிக் குரலே கிடையாது, பேட்டி கிடையாது. ஆவணக் காப்பகத்தில் கிடந்த 65 மிமீ அகலப் படச்சுருள்களைத் தேடி எடுத்துச் சேர்த்தது. ராக்கெட்டை ஏற்றிக்கொண்டு அந்த ராட்சத வண்டி ஊர்ந்து வருகிற முதல் காட்சியில், பக்கத்தில் நடக்கிற ஆட்கள் அதன் சங்கிலிச் சக்கரத்தின் உயரம்கூட இருக்க மாட்டார்கள். நிலாவைப் பற்றிய படம் என்றுதான் உட்காருவீர்கள், நிலாவிலிருந்து திரும்பி வருகிற பாதையில் பூமி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்ப்பீர்கள்.

---

செம்மண்காடு:

வெனெரா படத்தில் உள்ள பற்கள் பற்றி. அது கலத்தின் அடியில் இருக்கிற வளையத்தின் விளிம்பு. இறங்கும்போது காற்றில் சுழலாமல், ஆடாமல் நிலையாக வருவதற்காக அப்படி வெட்டி வைத்திருந்தார்கள். வெள்ளியின் காற்று தடிமனானது, கீழ்ப் பகுதியில் பாராசூட்டே வேண்டியதில்லை, கழற்றிவிட்டுவிட்டுக் காற்றிலேயே மிதந்து இறங்கியது. செவ்வாயில் காற்று போதாமல் ராக்கெட், கயிறு என்று திண்டாடுகிறார்கள், இங்கே காற்றே தாங்கிப் பிடிக்கிறது.

அவளுக்கு இது பிடித்தால் அடுத்து பிபிசியின் 'தி பிளானட்ஸ்', 2019, பிரையன் காக்ஸ் தொகுத்தது, 5 பகுதிதான். முதல் பகுதியிலேயே வெள்ளி வருகிறது.